நியூட்டுக்கு வீடு கட்டும்போது எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது

நியூட் என்பது சாலமாண்டர் வகையைச் சேர்ந்த, வாலுள்ள ஒரு சிறிய இருவாழ்வி. அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் இருந்தாலும் மூச்சில் ஒரு நல்ல பங்கு அந்தத் தோல் வழியாகத்தான் நடக்கிறது. மீனுக்குச் செதில் இருக்கிறது, பல்லிக்குத் தடித்த மேல்தோல் இருக்கிறது. நியூட்டுக்கு அப்படி ஒரு கவசமும் கிடையாது. தொட்டியில் நாம் வைக்கும் கல், ஒட்டும் பசை, மூடியில் போடும் வலை என எதிலிருந்து எது கரைந்தாலும் அது நேராக அதன் உடம்புக்குள் போய்விடும்.

அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். தண்ணீரில் இது எதையாவது கரைத்து விடுமா? உடைந்தோ உதிர்ந்தோ வாய்க்குள் போகுமா? தோலைக் கீறுமா, அல்லது எங்காவது சிக்க வைக்குமா? மூன்றுக்கும் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பொருள் தொட்டிக்குள் போகும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்று கேள்விகளின் விரிவுதான்.

முதலில்: எந்த நியூட், எவ்வளவு தண்ணீர்

பொருள் வாங்கும் முன் உங்கள் நியூட் எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெருப்பு வயிற்று நியூட் வளர்ந்த பிறகு பெரும்பாலும் தண்ணீரிலேயே இருக்கும். சின்னதாக ஒரு கரை போதும். ஐபீரிய விலாநியூட் ஏறக்குறைய முழு வாழ்க்கையையும் தண்ணீரிலேயே கழிக்கும். கொண்டை நியூட், பளிங்கு நியூட் போன்றவை இனப்பெருக்கக் காலத்தில் தண்ணீருக்கு வந்து, மற்ற மாதங்களில் ஈரமான நிலத்துக்குப் போய்விடும். வட அமெரிக்காவின் கிழக்கு நியூட் இளமையில் சில ஆண்டுகள் காட்டுத் தரையில் ஆரஞ்சு நிறத்தில் திரிந்துவிட்டு, பெரிதானதும் நீருக்குத் திரும்பும். நிலமும் நீரும் எந்த அளவில் வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

கூடவே, உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றை வளர்க்க அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். சாலமாண்டர்களையும் நியூட்டுகளையும் கொல்லும் ஒரு தோல் பூஞ்சை 2013-இல் விவரிக்கப்பட்டது. அதன் பிறகு கட்டுப்பாடுகள் இறுகியிருக்கின்றன. 2016-இல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. நியூட்டை வாங்குவதாக இருந்தால், காட்டில் பிடித்ததாக இல்லாமல் வளர்ப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

தொட்டி

கண்ணாடித் தொட்டிதான் என் தேர்வு. கண்ணாடி எதையும் கரைத்து விடாது, எளிதில் கீறல் விழாது, சூடான நீரையும் வினிகரையும் தாங்கும். அக்ரிலிக் தொட்டியும் பாதுகாப்பானதுதான், ஆனால் தேய்த்துக் கழுவினால் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு தங்கும். ஒரு ஜோடி சிறிய நியூட்டுகளுக்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி நல்ல தொடக்கம். விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 54 கிலோ. எந்த மேசையில் வைக்கப்போகிறீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம், நியூட் தரையோடு நடக்கும் பிராணி.

பழைய தொட்டி கிடைத்தால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால், மூலைகளில் உள்ள சிலிக்கோன் அதில் கொஞ்சத்தை உறிஞ்சி வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட தொட்டியை நான் எடுக்கமாட்டேன். வரலாறு தெளிவாக இருந்தால், சூடான நீரிலும் வினிகரிலும் கழுவி, பலமுறை அலசி, நன்றாக உலர விடுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், கண்ணாடித் துடைப்பு ஸ்பிரே எதுவும் வேண்டாம். சோப்பின் மெல்லிய படலம் நம் கண்ணுக்குத் தெரியாது, நியூட்டின் தோலுக்குத் தெரியும். கழுவியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு என்ன

கரை அமைக்கவும் கல்லை நிலைநிறுத்தவும் பசை தேவைப்படும். மீன்தொட்டிக்கென்று விற்கும் 100 சதவீத சிலிக்கோனை வாங்குங்கள். கட்டுமானக் கடையில் கிடைப்பதும் பார்க்க அதேபோல்தான் இருக்கும், ஆனால் உறையைத் திருப்பிப் பாருங்கள்: 'பூஞ்சை எதிர்ப்பு', 'குளியலறைக்கு' என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பூஞ்சையைக் கொல்லச் சேர்த்த மருந்து மெல்லமெல்லத் தண்ணீரில் இறங்கும். பூஞ்சையோடு அது நிற்காது.

சிலிக்கோன் இறுகும்போது வினிகர் வாசனை வரும். அது இயல்பு. மேல்பரப்பு சில மணி நேரத்தில் உலர்ந்தாலும் உள்ளே இறுக நாட்கள் ஆகும். தடித்த கோடாகப் போட்டிருந்தால் ஒரு வாரம் விடுங்கள். மூக்கை வைத்து மோந்தால் வாசனையே இல்லை என்ற நிலை வந்தபின் தண்ணீர் ஊற்றி, அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். செடியைக் கல்லில் ஒட்ட, சயனோஅக்ரிலேட் வகை சூப்பர் குளூ, அதிலும் ஜெல்லாக வருவது, இறுகியபின் பாதுகாப்பானது. மரப்பசை, ரப்பர் பசை, சுடுபசைத் துப்பாக்கி இவற்றை விட்டுவிடலாம்.

தரை: அதிகம் யோசிக்க வேண்டிய இடம்

இதை நான் ஒரு உயிரைக் கொடுத்துக் கற்றேன். என் முதல் நெருப்பு வயிற்று நியூட்டுக்கு, தொட்டியோடு வந்த வண்ணச் சரளையைத்தான் பரப்பினேன். பட்டாணி அளவு கற்கள், பார்க்க அழகாக இருந்தன. மண்புழுத் துண்டைப் போட்டேன், அது பாய்ந்து பிடித்தது. இரண்டு வாரத்தில் சாப்பிடுவதை நிறுத்தியது, வயிறு ஒரு பக்கம் புடைத்தது, பின் ஒரு காலையில் அசைவில்லாமல் கிடந்தது. அது கல்லை விழுங்கியிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

நியூட் தண்ணீருக்குள் இரையைக் கவ்விக் கடிப்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பக்கத்தில் என்ன கிடந்தாலும் கூடவே போகும். அதனால் விதி எளிது. தரையில் இருப்பது ஒன்று நியூட்டின் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது விழுங்கினாலும் தடையில்லாமல் வெளியேறும் அளவுக்கு மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சரளைதான் ஆபத்து. மீன்தொட்டிகளுக்கென்று அதிகம் விற்பதும் அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் சில மாதங்கள் தரையை வெறுமையாகவே விடுங்கள். அழகு குறைவுதான். ஆனால் மிச்சமான இரையும் கழிவும் உடனே கண்ணில் படும், உறிஞ்சி எடுக்கலாம், நியூட் சாப்பிடுகிறதா என்பதும் தெரியும். நடக்கப் பிடிமானம் வேண்டும் என்பதால் தட்டையான பெரிய கற்கள் சிலவற்றை வைத்துவிடுங்கள். பழகியபின் மணல் போடலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, முனை மழுங்கிய மென்மணலாகப் பாருங்கள், இரண்டு மூன்று செ.மீ. உயரம் போதும். அதற்குமேல் போனால் அடியில் காற்றில்லாமல் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் வரும். கண்ணாடித்தூள் போலக் கூர்முனை உள்ள மணலும், சாயம் பூசிய மணலும் வேண்டாம். கடல் மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், அதுவும் வேண்டாம். எந்த மணலாக இருந்தாலும் வாளியில் போட்டு, கலங்கல் வராத வரை அலசுங்கள். கை வலிக்கும் வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

கல்லும் கட்டையும்

கல்லுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கல்லை உலர்த்தி, ஓரிடத்தில் சுரண்டி, அதன்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல், பளிங்கு, பவளம், சிப்பி எல்லாம் நுரைக்கும். சுண்ணாம்பு விஷமில்லை, ஆனால் தண்ணீரின் கடினத்தன்மையையும் கார அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். காரம் ஏற ஏற, தண்ணீரில் இருக்கும் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான நஞ்சாக மாறும். நுரைக்காத கருங்கல், குவார்ட்சைட், ஆற்றில் உருண்ட வழுவழுப்பான கல் இவையே போதும். பச்சை, நீலம், துருச்சிவப்பு, உலோக மினுமினுப்பு என்று கோடுகள் ஓடும் கல்லை விட்டுவிடுங்கள். அது செம்போ வேறு உலோகத் தாதுவோ ஆக இருக்கலாம். ஸ்லேட் நல்ல கல்தான், ஆனால் உடைந்த விளிம்பு கத்திபோல் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

கல்லைச் சுத்தம் செய்ய அடுப்பில் வேகவைக்காதீர்கள், ஓவனிலும் வைக்காதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, கல் வெடிக்கக்கூடும். தேய்த்துக் கழுவி, மேலே கொதிநீரை ஊற்றினால் போதும்.

மரக்கட்டையை மட்டும் வேகவைக்கலாம், வேகவைக்கவும் வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் கொதித்தால் கிருமிகளும் போகும், கட்டை கனமாகி மூழ்கவும் செய்யும். தண்ணீர் தேநீர் நிறமானால் பயப்பட வேண்டாம். அது டானின் என்ற மரச்சாறு, நியூட்டுக்குத் தீங்கில்லை. முதல் சில வாரங்களில் கட்டையின்மேல் வெள்ளையாக வழுவழுப்பான படலம் வருவதும் தானே போய்விடும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கட்டைகளையே வாங்குவது நல்லது. பைன், தேவதாரு போன்ற பிசின் மரங்களைத் தொடாதீர்கள். அந்த நறுமணத்தைத் தரும் எண்ணெய்கள் இருவாழ்விகளின் தோலுக்கு ஆகாது. வார்னிஷ் பூசியது, பெட்டிகளில் இருந்து பிரித்தது, கடற்கரையில் கிடந்தது எல்லாமே வேண்டாம். தக்கைப் பட்டை எனக்கு மிகவும் பிடித்த பொருள். மிதக்கும், அழுகாது, மேலே ஏறி உட்காரலாம், அடியில் ஒளியலாம். ஒரே துண்டில் கரையும் மறைவிடமும் கிடைத்துவிடுகிறது.

மறைவிடத்துக்கு மண்தொட்டியைக் கவிழ்த்து வைக்கிறவர்கள் உண்டு. சுட்ட மண், மெருகு பூசாதது, புதியது என்றால் சரி. செடி வளர்த்த பழைய தொட்டி உரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் பாத்திரம் என்றால் உணவு வைக்கும் தரத்தில், அடியில் 2 அல்லது 5 என்ற எண் உள்ளதைப் பாருங்கள். குடிநீருக்குப் போடும் கெட்டியான குழாய்த் துண்டும் நல்ல குகையாகும், வெட்டிய விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும். வாசனை வரும் மென்பிளாஸ்டிக், வண்ணம் உரியும் பொம்மைகள், உதிரும் தெர்மோகோல் மூன்றும் வெளியே.

இன்னொன்று: எந்த ஓட்டையிலும் தலை நுழைந்தால் உடம்பும் நுழைய வேண்டும். வளர்ந்த நியூட் காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், அல்லது ஃபில்டருக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் மூழ்கியே இறந்துவிடும். இடைவெளியை ஒன்று தாராளமாக விடுங்கள், இல்லை முழுக்க அடைத்துவிடுங்கள். கற்களை அடுக்கினால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஒட்டுங்கள்.

நிலப்பகுதி

அடியில் நீர் வடிய சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் மண் இறங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வலை, அதன்மேல் தேங்காய் நார்த்தூளும் இயற்கை மண்ணும் கலந்த கலவை, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பேக்னம் பாசி: இந்த அடுக்கு நன்றாக வேலை செய்கிறது. நார்த்தூள் வாங்கும்போது உரம் சேர்க்காதது, உப்பு நீக்கி அலசியது என்று பார்த்து வாங்குங்கள். தோட்டத்துக்கென்று விற்கும் பைகளில் உரம், வெள்ளையாகத் தெரியும் பெர்லைட், ஈரம் பிடிக்கும் வேதித்துகள்கள் எல்லாம் கலந்திருக்கும். அவை வேண்டாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வருகிற அளவு ஈரம் போதும், சொதசொதப்பு கூடாது. நிலத்தில் உணவு கொடுக்கும்போது தட்டையான ஒரு கல்லின்மேல் வைத்துக் கொடுங்கள். புழுவோடு நார் வயிற்றுக்குள் போகாமல் இருக்கும்.

உலோகமும் மூடியும்

உலோகத்தைத் தண்ணீரிலிருந்து விலக்கியே வையுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம், ஈயம் நான்குமே மெல்லக் கரைந்து நஞ்சாகும். செடி மிதக்காமல் இருக்க அடியில் சுற்றிவரும் உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டு நூலால் கல்லில் கட்டுங்கள். காற்றுக்குழாயில் பித்தளை வால்வு வேண்டாம், பிளாஸ்டிக் வால்வு போதும்.

மூடியின் வலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜிஐ கம்பி வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. தொட்டியிலிருந்து ஏறும் ஆவி அதில் படிந்து, சொட்டுச்சொட்டாகத் திரும்ப விழும். துருப்பிடிக்காத எஃகு வலையோ நெருக்கமான பிளாஸ்டிக் வலையோ போடுங்கள். முழுக் கண்ணாடி மூடி காற்றை அடைத்துவிடும். மூடியே இல்லாமல் இருக்கலாமா என்றால், கூடவே கூடாது. ஈரமான உடம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மூலையில் இருக்கும் சிலிக்கோன் கோடும், மின்கம்பியும், காற்றுக்குழாயும் அதற்கு ஏணி. குழாய் நுழையும் ஓட்டையை ஃபில்டர் பஞ்சால் அடைத்து, மூடிக்குக் கிளிப் போடுங்கள். தண்ணீர் மட்டம் விளிம்பிலிருந்து எட்டு பத்து செ.மீ. கீழே இருக்கட்டும். தப்பிய நியூட் வெளியே சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடலாம்.

செடி, ஃபில்டர், விளக்கு

உயிருள்ள செடி பிளாஸ்டிக் செடியைவிட எல்லா வகையிலும் மேல். பல நியூட்டுகள் முட்டைகளை ஒவ்வொன்றாக இலையில் மடித்து வைக்கும். ஜாவா பாசி, ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ், ஹார்ன்வொர்ட், எலோடியா எல்லாமே குறைந்த ஒளியிலும் குளிர்ந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். கடையிலிருந்து வரும் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம், அதனால் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம், தண்ணீரை அடிக்கடி மாற்றி வைத்திருந்து பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் செடிதான் என்றால் அதன் முனையை உங்கள் புறங்கையில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கீறினால் நியூட்டுக்குக் கிழியும்.

ஃபில்டருக்குப் பஞ்சு ஃபில்டர் போதும். காற்றுப் பம்பில் ஓடும், நீரோட்டம் மெதுவாக இருக்கும், கால் சிக்காது. விளக்கு எல்.இ.டி. சூடேற்றும் விளக்கோ ஹீட்டரோ தேவையில்லை. பெரும்பாலான நியூட்டுகளுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வேண்டும். 24-ஐத் தாண்டினால் பல இனங்கள் தவிக்கும். இந்தக் குளிர்ச்சியைக் கோடையிலும் தர முடியாது என்றால் நியூட்டை வாங்குவதையே தள்ளிப்போடுங்கள். பாதுகாப்பான பொருட்களால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

நியூட் வரும் முன் தொட்டியை ஓடவிடுங்கள்

எல்லாம் வைத்தாயிற்று. இப்போது தண்ணீர். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் கலக்கும் குளோராமின் அப்படிப் போகாது. அதனால் குளோரின் நீக்கும் திரவத்தைப் பயன்படுத்துவதே நல்லது. அப்புறம் தொட்டியை நியூட் இல்லாமலே நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட வேண்டும். தினமும் சிட்டிகை மீன் உணவு போட்டால் அது அழுகி அம்மோனியாவாகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பஞ்சில் குடியேறும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றால் தொட்டி தயார்.

இந்த ஆறு வாரம் பொருட்களுக்கும் பரீட்சை. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் வருகிறதா, நுரை தங்குகிறதா, வேதி வாசனை அடிக்கிறதா, பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) வாரம் வாரம் ஏறுகிறதா, எங்காவது துரு தெரிகிறதா என்று பாருங்கள். செடியோடு வந்த குட்டி நத்தைகளையும் கவனியுங்கள். நத்தைகள் செம்பைத் தாங்காது, அவை மொத்தமாகச் செத்தால் உலோகம் எங்கிருந்தோ இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். சந்தேகப்படும் பொருளை வெளியே எடுத்து, தனி வாளியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சோதியுங்கள்.

குளம், ஓடையிலிருந்து கல்லையோ செடியையோ பாசியையோ எடுத்து வராதீர்கள். நோய்க்கிருமி கூடவே வரும். அதேபோல் தொட்டித் தண்ணீரையும் பழைய மண்ணையும் நீர்நிலைகளில் கொட்டாதீர்கள். முன்பு சொன்ன தோல் பூஞ்சை காட்டு இருவாழ்விகளை அடைய அதுவே போதும்.

நியூட் வந்த முதல் வாரம்

கை படவேண்டி வந்தால், க்ரீமோ கொசுவிரட்டியோ சோப்போ ஒட்டாமல் வெறும் நீரில் நன்றாகக் கழுவி, ஈரக்கையால் தொடுங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பல நியூட்டுகளின் தோலில் நஞ்சு உண்டு, கண்ணையும் வாயையும் தொட்டுவிடாதீர்கள்.

முதல் சில நாள் ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் இருப்பது இயல்பு. நீரில் வாழும் இனம் தண்ணீருக்குள் போகவே மறுத்து, கரையிலேயே, கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது இயல்பல்ல. தோல் திட்டுத்திட்டாக உரிவது, துடிப்பது, நிலைகுலைந்து மிதப்பது இவையும் அப்படித்தான். காத்திருக்காதீர்கள். மூடியில் காற்றோட்டம் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், குளோரின் நீக்கிய நீரில் நனைத்த வாசனையற்ற வெள்ளைக் காகிதத் துண்டை விரித்து, நியூட்டை அதில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். பிறகு தொட்டிக்குத் திரும்பி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் சுழியம் என்றால், கடைசியாக உள்ளே வைத்த பொருளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்குங்கள்.